வண்டியில் திடீரென்று கரண்ட் போனால்: பேட்டரி வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

நம் உறுப்பினர்களில் பெரும்பாலோர் பழைய லோடு வண்டிகளை வைத்துத்தான் வியாபாரம் நடத்துகிறோம். 2005-ல் வந்த டாடா ஏஸ், அதாவது நாம் குட்டி யானை என்று அழைப்பது, 2011-ல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த், மகிந்திரா பொலேரோ பிக்கப், அதற்கும் முந்தைய டாடா 207, இவைதான் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் பக்கத்துக் கடை வாசல்களில் நிற்பவை. இன்ஜின் ஆயிலை மாற்றுகிறோம், டயரைப் பார்க்கிறோம். வயரிங் மட்டும் வண்டி நிற்கும் நாள்வரை நம் கண்ணில் படுவதில்லை.

நிற்கும் நாளும் நல்ல நேரமாக அமைவதில்லை. கோயம்பேட்டில் சரக்கு ஏற்றி, விடிவதற்குள் இருங்காட்டுக்கோட்டை, வல்லம், ஒரகடம் தொழிற்சாலைக் கேன்டீன்களுக்கு இறக்கியாக வேண்டும். வண்டலூர் - வாலாஜாபாத் சாலையிலும் சிங்கப்பெருமாள்கோவில் - ஸ்ரீபெரும்புதூர் சாலையிலும் அந்த நேரத்தில் கன்டெய்னர்களும் கார் ஏற்றிய நீண்ட டிரெய்லர்களும் ஓடுகின்றன. அங்கே ஒரு சிறிய வண்டியில் மொத்த மின்சாரமும் போனால் ஹெட்லைட், பின்விளக்கு, இண்டிகேட்டர், ஹாரன் எல்லாம் ஒரே நொடியில் போகும். பின்னால் வருகிறவருக்கு அப்படி ஒரு வண்டி இருப்பதே தெரியாது. சரக்கு கெடுவது இருக்கட்டும், முதலில் டிரைவரின் உயிரைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஆகவே டிரைவருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டியவை சில. கரண்ட் போனதும், ஓட்டம் இருக்கும்போதே வண்டியை இடது ஓரம் தார் ரோட்டுக்கு வெளியே இறக்கிவிட வேண்டும். பழைய டீசல் இன்ஜினில் பம்ப் எந்திரமாகவே இயங்குவதால், கரண்ட் போன பிறகும் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கலாம். ஆனால் சாவியைத் திருப்பி நிறுத்தும் வண்டிகள் பலவற்றில் பம்பில் ஒரு ஸ்டாப் சோலனாய்டு உண்டு. அதற்குக் கரண்ட் நின்றால் டீசல் நின்று இன்ஜினும் நிற்கும். இன்ஜின் நின்றபின் பிரேக் பூஸ்டரில் மீதமிருக்கும் வேக்குவம் ஓரிரு மிதிகளுக்குத்தான் வரும். பிறகு பிரேக் கல்லாகிவிடும். எனவே பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தமாக மிதித்து நிறுத்த வேண்டும். நிறுத்தியதும் எச்சரிக்கை முக்கோணத்தை நன்றாகப் பின்னால் தள்ளி வைக்க வேண்டும். டிரைவரும் கிளீனரும் வண்டிக்குப் பின்னால் நின்று பேசிக்கொண்டிருக்கக் கூடாது.

இனி, என்ன போயிற்று என்று கண்டுபிடிப்பதற்கு வருவோம். வண்டியின் மின்சாரம் நம் கடைக் கணக்கைப் போன்றது. பேட்டரி என்பது கல்லாப்பெட்டி. ஆல்டர்னேட்டர், நம் டிரைவர்கள் இன்னும் டைனமோ என்றே சொல்வது, அன்றாட வரவு. வரவு நின்றாலும் கல்லாவில் இருப்பதை வைத்துக் கொஞ்ச நேரம் கடை நடக்கும். ஹெட்லைட் மங்கும், ஹாரன் கம்மும், செல்ஃப் இழுக்காது, பிறகுதான் எல்லாம் நிற்கும். கல்லா தீர்வது படிப்படியாகத்தான். நல்ல வெளிச்சத்தோடு ஓடிய வண்டியில் பட்டென்று எல்லாம் அணைந்தால், பெரும்பாலும் பணம் இருக்கிறது, ஆனால் கல்லாவின் பூட்டு திறக்கவில்லை என்று பொருள். பேட்டரிக்கும் வண்டிக்கும் இடையில் எங்கோ பாதை அறுந்திருக்கிறது. பேட்டரிக்குள்ளேயே இணைப்பு உடைந்து திடீரென்று போவதும் உண்டுதான், ஆனால் அது அபூர்வம்.

அதனால் மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் டிரைவரைக் கேளுங்கள். விளக்கு மங்கிப் போயிற்றா, பட்டென்று போயிற்றா? சார்ஜ் விளக்கு முன்னதாக எரிந்ததா? பள்ளத்தில் இறங்கியபோது போயிற்றா? தானாகத் திரும்பி வந்ததா? பள்ளத்தில் போய் அடுத்த பள்ளத்தில் திரும்பி வந்தது என்றால் அது தளர்ந்த இணைப்பு. இந்த நாலு கேள்விக்கான பதில் ஒரு துண்டுச் சீட்டில் இருந்தால் எலக்ட்ரீஷியனின் வேலை பாதியாகும்.

எங்கள் தெருவில் எண்ணெய் மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவரின் பிக்கப் வாலாஜாபாத் சாலையில் இப்படித்தான் அணைந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் புது பேட்டரி போட்டார்கள். நாலு நாளில் மறுபடி நின்றது. ஆல்டர்னேட்டரைக் கழற்றி மாற்றினார்கள். அடுத்த வாரம் மறுபடி. மூன்றாவது முறை இக்னிஷன் சுவிட்ச். அதற்குள் கிட்டத்தட்ட பதினையாயிரம் ரூபாய் போய்விட்டது. போதாததற்கு டிரைவர் ஏதோ செய்கிறான் என்று சந்தேகப்பட்டு, அவர் சம்பளத்தில் பிடிக்கலாமா என்ற பேச்சும் எழுந்தது. கடைசியில் வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து, எதையும் கழற்றாமல் ஒரு டெஸ்ட் லாம்பை வைத்துக் கால் மணி நேரத்தில் கண்டுபிடித்தார். பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் கேபிள் வெளியே நன்றாகத்தான் இருந்தது. போல்ட் போட்ட இடத்தில் தகடு துருவேறி, லக்குக்குள் செம்பு பச்சைப் பொடியாகியிருந்தது. கேபிள் விலை சில நூறு ரூபாய். பிடித்தம் செய்யாமல் விட்டது நண்பரின் நல்ல காலம், டிரைவரின் நல்ல காலமும்கூட.

அந்த எலக்ட்ரீஷியன் பார்த்த முறையை நாமும் பார்க்கலாம். இன்ஜினையும் சாவியையும் அணைத்துவிட்டு, பேட்டரியின் இரு கிளாம்ப்களையும் கையால் திருகிப் பாருங்கள். கை பலத்திற்கே திரும்பினால் அதுவே காரணமாக இருக்கலாம். வெள்ளை அல்லது பச்சைப் பொடி பூத்திருந்தால், சமையல் சோடா கலந்த வெந்நீரில் கழுவி, உப்புத்தாள் போட்டு, இறுக்கி, மேலே வாஸ்லைன் தடவ வேண்டும். சோடா நீர் பேட்டரி மூடிக்குள் போகக் கூடாது. கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மோதிரத்தையும் உலோகக் கடிகாரப் பட்டையையும் கழற்றி வையுங்கள். பேட்டரியிலிருந்து வரும் வாயு தீப்பற்றக் கூடியது. அருகில் பீடி, தீக்குச்சி கூடாது.

அடுத்தது டெஸ்ட் லாம்ப். 12 வோல்ட் பல்பு, ஹோல்டர், இரண்டு வயர், ஒரு கிளிப், இவ்வளவே. கிளிப்பைப் பேட்டரியின் மைனஸ் டெர்மினலில் மாட்டி, மறுமுனையைப் பிளஸ் டெர்மினலின் ஈயத்தில் வையுங்கள். எரிகிறதா? பிறகு அதே முனையை டெர்மினலைப் பிடித்திருக்கும் கிளாம்பில் வையுங்கள். ஈயத்தில் எரிந்து கிளாம்பில் எரியாவிட்டால் கோளாறு அந்த இரண்டுக்கும் நடுவில்தான். அங்கேயும் எரிந்தால் மெயின் ஃபியூஸின் இரு பக்கமும், பிறகு இக்னிஷன் சுவிட்சுக்கு வரும் வயரும், சாவி போட்டபின் அதிலிருந்து போகும் வயரும். எந்த இடத்தில் முதலில் பல்பு எரியவில்லையோ அதற்குச் சற்று முன்னால்தான் பாதை அறுந்திருக்கிறது. எர்த்தைப் பார்க்க, கிளிப்பைப் பிளஸ்ஸில் மாற்றி, பாடித் தகட்டையும் இன்ஜினையும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு ஏமாற்று உண்டு. டெஸ்ட் லாம்ப் இழுப்பது சிறு கரண்ட். பத்து இழையில் ஒன்பது அறுந்த கேபிளிலும் அது பளிச்சென்று எரியும். ஹெட்லைட்டும் செல்ஃபும் போட்டால்தான் குட்டு வெளிப்படும். ஆகவே ஹெட்லைட்டைப் போட்டு வைத்துச் சோதியுங்கள். சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கிறது. ஹெட்லைட் எரியும்போது பேட்டரி மைனஸ் டெர்மினலுக்கும் பாடிக்கும் இடையில் அளந்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் எர்த் சரியில்லை. மீட்டர் இல்லாவிட்டால் ஜம்பர் கேபிள் ஒன்றைப் பேட்டரி மைனஸிலிருந்து நேராக இன்ஜின் இரும்பில் மாட்டுங்கள். செத்த வண்டி பிழைத்தால் எர்த்தான் குற்றவாளி. பிளஸ்ஸைத் தவறியும் இரும்பில் தொடவிடக் கூடாது.

பேட்டரியும் டைனமோவும் குற்றமற்றவை என்று தீர்ப்பு எழுதவும் இதே மீட்டர் போதும். இரவு முழுதும் நின்ற வண்டியில் நல்ல பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே போனால் அநேகமாகக் காலி. செல்ஃப் அடிக்கும்போது 10 வோல்ட் அளவில் நிற்க வேண்டும், 9.6-க்குக் கீழே சரிந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருந்தால் சார்ஜ் ஏறுகிறது. ஏறாவிட்டால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள். பல சிறு டீசல் வண்டிகளில் பிரேக்குக்கான வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் பின்புறமே இருக்கிறது. பெல்ட் அறுந்தால் சார்ஜோடு பிரேக் உதவியும் போகும். சார்ஜ் விளக்கு எரிந்தும் ஓட்டலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க, இன்ஜின் ஓடும்போதே பேட்டரி கிளாம்பைப் பிடுங்கும் பழக்கம் சாலையோரத்தில் இன்னும் இருக்கிறது. அதை உங்கள் வண்டியில் அனுமதிக்காதீர்கள். பேட்டரி இல்லாதபோது வோல்டேஜ் எகிறி ரெகுலேட்டரையும் டயோடையும் பல்புகளையும் சுட்டுவிடும். வந்த கோளாறு ஒன்று, போகும்போது மூன்றாகும்.

மெயின் ஃபியூஸே போயிருந்தால், போனதற்குக் காரணம் ஒன்று இருக்கிறது. செம்புக் கம்பியோ சிகரெட் தாளோ சுற்றி ஓட்டினால் அடுத்து எரிவது வயரிங், அதன்பின் வண்டி. ஃபியூஸ் போட்டதும் போய்க்கொண்டே இருந்தால், அந்த இடத்தில் ஃபியூஸுக்குப் பதிலாக ஒரு ஹெட்லைட் பல்பை இணைத்து, வயரிங்கை அங்கங்கே அசைக்க வேண்டும். ஷார்ட் இருக்கும்வரை பல்பு பிரகாசமாக எரியும். எந்த இடத்தை அசைக்கும்போது மங்குகிறதோ அங்கேதான் தோல் உரிந்த வயர்.

நம் தொழிலுக்கென்றே சில இடங்கள் உண்டு. அரிசி, பருப்பு குடோனுக்குள் இரவில் நிறுத்தும் வண்டிகளில் எலி வயரைக் கடிக்கிறது. உப்பும் கருவாடும் ஏற்றும் வண்டிகளில் உப்பு நீர் பலகை வழியாக இறங்கி, கீழே இருக்கும் எர்த் போல்ட்டையும் பின்விளக்கு சாக்கெட்டையும் தின்கிறது. இறக்கியதும் நல்ல தண்ணீரில் கழுவ ஆள் வைத்தால் போதும், யாரும் வைப்பதில்லை. தார்ப்பாய்க் கயிறு கட்டும் கொக்கிக்கும் சேசிஸுக்கும் நடுவில் பின்விளக்கு வயர் நசுங்குகிறது. கூடுதலாக மாட்டிய எல்.இ.டி. விளக்கு, ஏர் ஹாரன், ஜி.பி.எஸ். எல்லாம் டேப் சுற்றிய முடிச்சில் தொங்குகின்றன. இன்னொன்று, ஷட்டர் சாவி, குடோன் சாவி, பீரோ சாவி அத்தனையும் வண்டிச் சாவியோடு ஒரே வளையத்தில் கோர்க்கிறோம். அந்தக் கனம் வருடக்கணக்கில் ஆடி ஆடி இக்னிஷன் சுவிட்சின் உள்பகுதியைத் தேய்த்துவிடும். சாவியை லேசாக ஆட்டும்போது டாஷ்போர்டு விளக்கு சிமிட்டினால் சுவிட்சைச் சந்தேகிக்கலாம்.

மழைக்காலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையைச் சுற்றித் தண்ணீரில் நின்ற வண்டிகள் ஏராளம். நின்ற அன்று கோளாறு தெரியாது. கனெக்டருக்குள் புகுந்த ஈரம் மாதக்கணக்கில் வேலை செய்து, ஒரு கோடைக்கால இரவில் காரணமே இல்லாததுபோல் வண்டியை நிறுத்தும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் சீட்டுக்கு அடியிலும் ஃபியூஸ் பெட்டிக்குள்ளும் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன், புரட்டாசியிலேயே எர்த் போல்ட்டுகளைக் கழற்றித் தேய்த்து மாட்டிவிடுவது எங்கள் கடை வழக்கம். அரைநாள் கூலிதான் செலவு.

எலக்ட்ரீஷியனிடம் பேசும்போது, பொருளுக்கு மட்டுமல்ல, கண்டுபிடிக்கும் நேரத்துக்கும் கூலி தருகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கண்டுபிடிப்பதற்குக் கூலி இல்லை என்றால் பொருளை மாற்றித்தான் அவர் பிழைக்க வேண்டும். மாற்றிய பழைய பொருளைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் ஹெட்லைட், வைப்பர், ஹாரன் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, வண்டியைக் குலுக்கும் ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தபின் பணம் கொடுக்கலாம்.

கேபினில் ஒரு டெஸ்ட் லாம்ப், சரியான ஆம்பியரில் நாலைந்து ஃபியூஸ், மெயின் ஃபியூஸ் ஒன்று, பேட்டரி கிளாம்புக்குப் பொருந்தும் ஸ்பானர், இரண்டடி தடித்த கேபிள், டார்ச், எச்சரிக்கை முக்கோணம் ஆகியவை இருக்கட்டும். வண்டியின் பின்பலகையில் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் கிழியாமல் இருக்கிறதா என்று இன்று கடை கட்டும் முன்பே பார்த்துவிடுங்கள். கரண்ட் இல்லாமலும் தெரிவது அது ஒன்றுதான்.