முடிச்சூர் வலைப்பூவும் டாலர் விளம்பரமும்

கூகுள் நிறுவனம் பிறருடைய வலைத்தளங்களில் விளம்பரம் இடுவதற்கென ஆட்சென்ஸ் என்னும் திட்டத்தை 2003 ஜூன் மாதம் தொடங்கியபோது, தமிழில் வலைப்பூ எழுதும் பழக்கமும் அதே ஆண்டில்தான் முளைவிட்டிருந்தது. ஆயினும் அத்திட்டம் தமிழ்ப் பக்கங்களை ஏற்றுக்கொள்ள ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில், காசி ஆறுமுகம் 2004-இல் உருவாக்கிய தமிழ்மணம் என்னும் திரட்டி, பல நாடுகளிலிருந்து எழுதப்பட்ட தமிழ்ப் பதிவுகளை ஒரே பக்கத்தில் தொகுத்துக் காட்டி ஒரு பெரிய வாசகர் வட்டத்தையே உண்டாக்கியது என்றாலும், எழுதியவர்களில் பெரும்பாலோருக்கு அதனால் கிடைத்தது பின்னூட்டமும் நட்பும் சில வேளைகளில் சண்டையுமே அன்றிப் பணமன்று. ஆங்கிலப் பக்கம் ஒன்றைக் காட்டி அனுமதி பெற்றுக்கொண்டு, அந்த விளம்பரத்தைத் தமிழ்ப் பக்கத்திலும் ஒட்டிக்கொண்டவர்கள் உண்டு. விதிப்படி அது செல்லாது என்பதால் கணக்கு எப்போது மூடப்படுமோ என்ற அச்சம் அவர்களை விட்டகலவில்லை. 2018-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆட்சென்ஸ் தமிழை ஏற்றபோது, பதிவர்களில் பலர் முகநூலுக்கும் யூடியூபுக்கும் குடிபெயர்ந்துவிட்டிருந்தனர். தாமதமாகத் திறந்த அந்தக் கதவு வழியாக இன்று நுழைபவருக்கு உள்ளே உண்மையில் என்ன கிடைக்கிறது என்பதைத் தாம்பரத்துக்கு மேற்கேயுள்ள முடிச்சூர் போன்ற ஒரு புறநகரை முன்வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. ஏனெனில் இத்தகைய ஊர்களைப் பற்றித் தமிழில் தேடுபவர்கள் நிறைய, எழுதுபவர்கள் குறைவு.

முடிச்சூரைப் பற்றி எழுதுவதற்குப் பொருளுக்குப் பஞ்சமில்லை. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் அதை அடுத்துள்ள வரதராஜபுரத்தையும் மூழ்கடித்ததிலிருந்து, ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையின்போதும் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்ற கேள்வி எழுகிறது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட பிறகு அங்கே செல்லும் வழி பற்றிய கேள்விகள் கூடின. ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீர், மனையின் விலை, பள்ளிச் சேர்க்கை ஆகியவை ஆண்டு முழுவதும் பேசப்படுபவை. இவற்றை அறிந்த உள்ளூர்வாசி ஒருவர் எழுதும் பக்கத்துக்கு வாசகர் வருவார். அந்த வரவைப் பணமாக்கும் வழிகளுள் பரவலாக அறியப்பட்டவை இரண்டு: ஒன்று பார்வைக்குக் காசு தரும் விளம்பரம், மற்றொன்று விற்பனைக்குத் தரகு தரும் அஃபிலியேட் மார்க்கெட்டிங்.

முதலாவதில் வலைப்பூக்காரர் செய்யும் வேலை மிகக் குறைவு. கூகுள் தரும் சில வரி நிரலைத் தம் பக்கத்தில் அவர் சேர்த்துவிட்டால், வாசகர் ஒருவர் தாம்பரம் – கடற்கரை மின்சார ரயிலில் அமர்ந்தபடி கைப்பேசியில் அப்பக்கத்தைத் திறக்கும் கணத்திலேயே, அந்தக் காலியிடத்துக்காக விளம்பரதாரர்களிடையே தானியங்கி ஏலம் ஒன்று நடந்து, வென்றவரின் விளம்பரம் பக்கத்தோடு சேர்ந்தே திரையில் வந்துவிடுகிறது. பக்கத்தில் எழுதப்பட்டுள்ள பொருள், வாசகர் இருக்கும் ஊர், அவர் முன்பு தேடியவை ஆகியவற்றைக் கொண்டு ஏலம் நடப்பதால் சில விபரீதங்களும் நேர்கின்றன. வரதராஜபுரத்தில் வெள்ளம் எவ்வளவு உயரம் நின்றது என்று விவரிக்கும் பத்திக்குக் கீழேயே, அதே பகுதியில் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அங்கீகாரம் பெற்ற மனைகள் விற்பனைக்கு என்ற விளம்பரம் வந்து நிற்கலாம். எழுதியவரின் எச்சரிக்கையை அவருடைய வருமானமே மறுத்துப் பேசும் நிலை இது. ஆட்சென்ஸ் கணக்கில் குறிப்பிட்ட வகை விளம்பரங்களைத் தடுத்துவைக்கும் வசதி இருக்கிறது. ஆனால் புறநகர் ஒன்றின் பெயரைச் சொல்லும் பக்கத்துக்கு நல்ல விலை கொடுக்கக்கூடியவர்களே மனை வணிகர்கள்தாம் என்பதால், அந்த வசதியைப் பயன்படுத்துவதற்குக் கொஞ்சம் மனத்திடம் வேண்டும்.

விளம்பரதாரர் செலுத்தும் தொகையில் ஏறத்தாழ 68 விழுக்காடு பக்கத்தின் உரிமையாளருக்கு வருகிறது. முன்பு பெரும்பாலும் கிளிக் ஒன்றுக்கு இவ்வளவு என்று கணக்கிடப்பட்டது, 2024 முதல் விளம்பரம் காட்டப்பட்ட எண்ணிக்கையைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. 68 விழுக்காடு என்பது தாராளமாகத் தோன்றினாலும், எதில் 68 என்பதே கேள்வி. தமிழ்ப் பக்கங்களுக்காக ஏலம் கேட்பவர்கள் குறைவாக இருப்பதால் விலையும் குறைவாகவே நிற்கிறது. கணக்குக்காக ஆயிரம் பக்கப் பார்வைக்கு 50 ரூபாய் கிடைப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஆட்சென்ஸ் 100 டாலர் சேர்ந்த பிறகே பணத்தை வங்கிக்கு அனுப்பும். டாலர் 85 ரூபாய் என்று கொண்டால் அது 8,500 ரூபாய். அதை எட்ட 1,70,000 பார்வைகள் வேண்டும். மாதந்தோறும் அந்தத் தொகை கைக்கு வர வேண்டுமானால், நாள்தோறும் ஐயாயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட பார்வைகள் தேவை. முடிச்சூர் மழைச் செய்தி அந்த எண்ணிக்கையை நவம்பரிலோ டிசம்பரிலோ சில நாள் தாண்டக்கூடும். செம்பரம்பாக்கம் ஏரியின் நீர் அடையாற்றில் திறந்துவிடப்படுகிறது என்ற செய்தி வரும் நாளில் பல மடங்கு தாண்டவும் கூடும். ஆனால் தை பிறந்ததும் அந்தப் பக்கத்தைத் திறப்பார் இல்லை. போதாக்குறைக்கு, பேரிடர்ச் செய்தியின் பக்கத்தில் தம் பெயர் தெரிவதை விளம்பரதாரர்கள் பலர் விரும்புவதில்லை என்பதால், ஊருக்கு மிகவும் பயன்பட்ட பக்கமே மிகக் குறைவாகச் சம்பாதித்துத் தருவதும் உண்டு.

இதற்கு முன்பே ஒரு தடை இருக்கிறது. கணக்கில் 10 டாலர் சேர்ந்தவுடன், முகவரியைச் சரிபார்ப்பதற்காக ரகசிய எண் அச்சிட்ட சிறு கடிதம் ஒன்றைக் கூகுள் சாதாரணத் தபாலில் அனுப்புகிறது. நான்கு மாதங்களுக்குள் அந்த எண்ணைப் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். சாதாரணத் தபால் என்பதால் கையெழுத்தும் இல்லை, தொடர்ந்து கண்காணிக்கும் எண்ணும் இல்லை. புதிய மனைப்பிரிவுகளில் பழைய மனை எண், புதிய கதவு எண், ஒரே பெயரில் இரண்டு மூன்று தெருக்கள் என்று முகவரி குழம்பிக் கிடக்கும் புறநகர்களில் இக்கடிதம் வழிதவறுவதில் வியப்பில்லை. மறுகடிதம் கேட்கலாம், அதுவும் வராவிட்டால் அடையாள ஆவணத்தைப் பதிவேற்றலாம். முகவரியை எழுதும்போதே ஊர் அஞ்சல்காரருக்குப் புரியும் வகையில், மனைப்பிரிவின் பெயரையும் அருகிலுள்ள அடையாளத்தையும் சேர்த்து எழுதிவிடுவது அலைச்சலைக் குறைக்கும்.

கணக்கு மூடப்படுவதற்கு மிகச் சாதாரணமான காரணம் நல்லெண்ணமே. வலைப்பூ தொடங்கியவர் குடியிருப்போர் நலச்சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் இணைப்பை அனுப்பி, "அப்படியே விளம்பரத்தையும் ஒரு தட்டு தட்டிட்டுப் போங்க" என்று எழுத, மாமாக்களும் அக்காக்களும் உதவி செய்வதாக நினைத்து ஆளுக்கு நாலு முறை தட்ட, விளம்பரத்தில் விருப்பமின்றி விழுந்த அந்தக் கிளிக்குகளைச் செல்லாத கிளிக் என்று கூகுளின் கணினி இனங்கண்டு கணக்கையே முடக்கிவிடும். சேர்ந்திருந்த தொகை விளம்பரதாரருக்குத் திருப்பித் தரப்படும். வாசகரை விளம்பரத்தைத் தட்டும்படி கேட்பதே விதிமீறல் என்பது பலருக்குக் கணக்கு போன பிறகே தெரிகிறது.

அஃபிலியேட் முறையின் இயல்பு வேறு. அமேசான் நிறுவனம் அமெரிக்காவில் 1996-இல் தொடங்கிய அசோசியேட்ஸ் திட்டம் இதன் மிகப் பரவலான வடிவம். அமேசானின் இந்தியக் கடை 2013 ஜூனில் திறந்தது. வலைப்பூக்காரருக்கென ஓர் அடையாளக் குறி பொருந்திய இணைப்பு தரப்படுகிறது. வாசகர் அதன் வழியே கடைக்குள் சென்றதும், அவர் யாரால் வந்தார் என்பதைக் குறிக்கும் குக்கி என்னும் சிறு பதிவு அவருடைய கருவியில் விழுகிறது. அப்போதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் அவர் பொருள் வாங்கினால் விலையில் ஒரு பங்கு வலைப்பூக்காரருக்குத் தரகாக வருகிறது. வாசகருக்கு விலை கூடுவதில்லை. பொருளின் வகையைப் பொறுத்துத் தரகு மாறும். கைப்பேசிக்கு மிகக் குறைவு, வீட்டு உபயோகப் பொருள்களுக்குச் சற்று அதிகம்.

உப்பு நீருக்கு ஏற்ற குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி எது என்று, தம் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதித்து வந்த அளவுகளோடு ஒருவர் எழுதுகிறார் என்று கொள்வோம். 12,000 ரூபாய்க் கருவிக்கு 5 விழுக்காடு தரகு என்று வைத்தால் 600 ரூபாய். ஆயிரம் வாசகரில் ஒரே ஒருவர் வாங்கினாலும், அதே ஆயிரம் பேர் விளம்பரத்தைப் பார்ப்பதால் கிடைக்கும் 50 ரூபாயைக் காட்டிலும் அது பன்னிரண்டு மடங்கு. கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பொருள் திருப்பி அனுப்பப்பட்டால் தரகும் திரும்பிப் போகும். வாசகர் மூன்று நாள் யோசித்து வாங்கினால் குக்கி காலாவதியாகியிருக்கும். கட்டுரையைப் படித்து மாதிரியைத் தேர்ந்துகொண்டு, தாம்பரம் சண்முகம் சாலைக் கடையில் பேரம் பேசி வாங்கினாலோ எழுதியவருக்கு ஒன்றுமே இல்லை. தமக்கே வாங்கும் பொருளுக்குத் தம் இணைப்பையே பயன்படுத்தித் தரகு பெறுவதையும் அமேசான் அனுமதிப்பதில்லை.

தரகு பெறுபவர் அதை வாசகரிடம் சொல்லியாக வேண்டும் என்பது இப்போது ஒழுக்கத்தின் பாற்பட்டது மட்டுமன்று. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2022 ஜூனில் வெளியான வழிகாட்டு நெறிமுறைகள், பொருளைப் பரிந்துரைப்பவருக்கும் விற்பவருக்கும் இடையிலுள்ள பணத் தொடர்பை வெளிப்படுத்த வேண்டும் என்கின்றன. பொறுப்புத்துறப்புக் குறிப்பு, விளம்பரக் கூற்று எந்த மொழியில் உள்ளதோ அதே மொழியில் இருக்க வேண்டும் என்றும் அவை கூறுகின்றன. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் தவறினால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். தமிழ்க் கட்டுரையின் அடியில் யார் கண்ணிலும் படாத பொடி எழுத்தில் ஓர் ஆங்கில வரியை ஒட்டிவைப்பது இந்த நெறிமுறையின் நோக்கத்தை நிறைவேற்றுவதாகாது. "இந்த இணைப்பு வழியே நீங்கள் வாங்கினால் எங்களுக்குத் தரகு கிடைக்கும்" என்று கட்டுரையின் தலைப்பகுதியிலேயே எழுதிவிட்டால் போதும்; அப்படி எழுதுபவரை வாசகர் கூடுதலாகவே நம்புவார்.

அதிகத் தரகு தருவதாகத் தேடிவரும் திட்டங்களில் சூதாட்டச் செயலிகளும் பந்தயச் செயலிகளும் இருக்கும். 2025 ஆகஸ்டில் நிறைவேறிய இணைய விளையாட்டுச் சட்டத்தின்படி, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை விளம்பரப்படுத்துவோருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அந்தப் பக்கமே திரும்பக் கூடாது.

கூகுளையும் அமேசானையும் பற்றியே பேசிக்கொண்டிருக்கையில் மறந்துபோவது, உள்ளூர்க் கடைக்காரரிடம் நேரே விளம்பரம் வாங்கும் பழைய வழி. சென்னையில் மயிலாப்பூர் டைம்ஸ், மாம்பலம் டைம்ஸ் போன்ற வட்டார வார ஏடுகள் வீடு வீடாக இலவசமாகப் போடப்பட்டு, அந்தந்தப் பகுதியின் கடை, பள்ளி, மருத்துவமனை, திருமண மண்டப விளம்பரங்களைக் கொண்டே நடந்துவந்திருக்கின்றன. முடிச்சூர் சாலையில் கடை வைத்திருப்பவருக்கு உலகெங்கும் ஐயாயிரம் பார்வைகள் தேவையில்லை. இரண்டு கிலோமீட்டர் சுற்றளவில் ஐந்நூறு குடும்பங்கள் தம் பெயரைப் பார்த்தால் போதும். மாதம் ஆயிரம் ரூபாய் தரும் கடைகள் ஒன்பது கிடைத்தால், 1,70,000 பார்வைகளுக்கு ஆட்சென்ஸ் தரும் தொகையை அது தாண்டிவிடும். நடந்து போய்க் கேட்க வேண்டும், கணக்கு வைக்க வேண்டும், பாக்கி வசூலிக்க வேண்டும். இந்தச் சிரமம் பிடிக்காமல்தான் பலரும் தானியங்கி ஏலத்தை நாடுகின்றனர். சிறு வட்டாரத்தைப் பற்றி எழுதுபவருக்கு ஆட்சென்ஸை விட இந்த நேரடி விளம்பரமே பொருத்தமான வழி. நம்பகமான சில அஃபிலியேட் இணைப்புகள் இதற்குத் துணையாக இருக்கலாம்.

பார்வைகளை மட்டும் நம்புவதிலுள்ள அபாயம் அண்மையில் கூடியிருக்கிறது. தேடல் பக்கத்தின் உச்சியிலேயே செயற்கை நுண்ணறிவால் எழுதப்பட்ட சுருக்க விடையைக் காட்டும் வசதியைக் கூகுள் 2024-இல் இந்தியாவுக்கும் கொண்டுவந்தது. விடை அங்கேயே கிடைத்துவிட்டால், அந்த விடைக்கு மூலமான பக்கத்தைத் திறக்க வேண்டிய தேவை வாசகருக்கு இல்லை. பொதுவான செய்திகளை எழுதும் வலைப்பூக்களுக்கு இது பெரிய அடி. தெருவில் இறங்கிப் பார்த்து எழுதப்படும் பக்கங்களுக்கு இன்னும் அவ்வளவாக இல்லை.

வருமானம் எவ்வழியில் வந்தாலும் வருமான வரிக் கணக்கில் காட்டியாக வேண்டும். உள்நாட்டு நிறுவனங்கள் தரகுத் தொகையிலிருந்து மூலத்திலேயே பிடிக்கும் வரி 2024 அக்டோபர் முதல் 2 விழுக்காடாகக் குறைக்கப்பட்டுள்ளது. பான் எண் தராவிட்டால் பிடித்தம் கூடும்.

கடைசியாக ஒன்று. ஆட்சென்ஸில் சேரவோ அமேசான் அசோசியேட்ஸில் சேரவோ ஒரு ரூபாயும் கட்டணமில்லை. "வீட்டிலிருந்தே அஃபிலியேட் வேலை, நாளுக்கு மூவாயிரம்" என்று வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வரும் அழைப்புகள் முதலில் பதிவுக் கட்டணமோ முன்பணமோ கேட்டால், அது அஃபிலியேட் மார்க்கெட்டிங் அன்று, மோசடி. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக் காத்திராமல் உடனே 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு விரைவாக அழைக்கிறீர்களோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை வங்கியில் நிறுத்திவைக்கும் வாய்ப்பு கூடும்.