பாட்டுப் போடுறவருக்கு எதுக்கு இவ்வளவு பேரு?

"அடுத்தவங்க பாடின பாட்டைப் போடுறாரு. இதுக்குப் போயி இவ்வளவு பேரா?" டி.ஜே. என்றதும் நம்மில் பாதிப்பேர் இப்படித்தான் கேட்போம். நியாயமான கேள்விதான். ஆனால் அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் ஒரு தெருவின் பகுதிக்கு 2004-இல் ஒரு டி.ஜே.யின் பெயரை வைத்தார்கள், அதுவும் அவர் உயிரோடு இருக்கும்போதே! அப்போது மாநிலச் செனட்டராக இருந்த பராக் ஒபாமா அதற்குத் துணை நின்றார். அந்த டி.ஜே.தான் ஃபிராங்கி நக்கிள்ஸ்.

நியூயார்க்கில் பிறந்தவர். 1977-இல் சிகாகோவின் 'வேர்ஹவுஸ்' என்ற நடன அரங்குக்கு வந்தார். பழைய ஆலைக் கட்டடம் அது. வந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின இளைஞர்கள். அவர்களில் பலர் தன்பாலின ஈர்ப்பு உள்ளவர்கள் என்பதால் மற்ற இடங்களில் ஒதுக்கப்பட்டவர்கள். மது கிடையாது, ஜூஸ்தான். இரவு ஆரம்பித்தால் விடிந்தும் ஆட்டம் நிற்காது. 1979-இல் அதே ஊரின் பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடி வைத்தார்கள். அதற்குப் பிறகு புது டிஸ்கோ பாட்டு வருவது குறைந்துபோனது. நக்கிள்ஸ் என்ன செய்தார் தெரியுமா? இருக்கிற பாட்டையே டேப்பில் பதிந்து, வெட்டி ஒட்டி, தாளம் மட்டும் வரும் இடத்தை நீட்டினார். 'ஹவுஸ்' என்ற இசைவகைக்கே அந்த அரங்கின் பெயர்தான் வந்தது என்பார்கள்.

சரி, கைவேலைக்கு வருவோம். ஓடுகிற பாட்டில் நிமிடத்துக்கு 120 தாளம், அடுத்ததில் 124 என்று வையுங்கள். அப்படியே மாற்றினால் ஆடுறவங்க கால் தடுமாறிடும். எனவே அடுத்த பாட்டை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே அதன் வேகத்தைச் சுமார் 3 சதவீதம் குறைக்க வேண்டும். (கணக்குப் போட்டுப் பாருங்க!) 'டெக்னிக்ஸ் 1200 மார்க் 2' சுழல்மேசையில் 8 சதவீதம் வரை கூட்டலாம், குறைக்கலாம். பழகவே மாதக்கணக்காகும். இன்று அதை ஒரு பொத்தான் செய்துவிடுகிறது.

அப்புறம் ஏன் பழையவர்களுக்கு மரியாதை? ஏன்னா, இரவு மூன்று மணிக்குச் சோர்ந்து நிற்கும் கூட்டத்துக்கு எந்தப் பாட்டு வேணும்னு பொத்தானுக்குத் தெரியாது. நக்கிள்ஸின் நண்பர் லாரி லெவன் இதில் கில்லாடி. 1977 முதல் 1987 வரை நியூயார்க்கின் 'பாரடைஸ் கராஜ்' அரங்கை ஆட்டி வைத்தவர். கூட்டம் காத்திருக்க, ஏணியில் ஏறிக் கண்ணாடிப் பந்தைத் துடைப்பாராம்! அதையும் ரசித்தார்களாம்.

லெவன் 38 வயதில், 1992-இல் இறந்தார். அதற்குப் பிறகு பிறந்தவர்கள்கூட அவரைத்தான் 'ஆகச் சிறந்தவர்' என்கிறார்கள். கேட்காமலே எப்படி என்பது எனக்கு இடிக்கத்தான் செய்கிறது. ரசிகர்களுக்குள்ளும் சண்டை உண்டு. சில மூத்தவர்கள் அதே பழைய பாட்டுகளைப் போட்டுப் பழைய பேரில் ஓட்டுகிறார்கள் என்று சிலர் முணுமுணுப்பார்கள். சிலர் விஷயத்தில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நக்கிள்ஸை அப்படிச் சொல்ல மனசு வரவில்லை. நீரிழிவு நோயாளியான அவருக்கு ஒரு பாதத்தையே எடுக்க வேண்டி வந்தது. அப்படியும் மேடையை விடவில்லை. 2014-இல் காலமானார்.

அவருடைய இசைத்தட்டுகள் இப்போது சிகாகோவின் 'ஸ்டோனி ஐலண்ட் ஆர்ட்ஸ் பேங்க்' என்ற இடத்தில் பாதுகாப்பாக இருக்கின்றன. ஆனால் வேர்ஹவுஸில் எந்தத் தட்டுக்கு அடுத்து எதைப் போட்டார், அப்போது கூட்டம் எப்படிக் கத்தியது என்பதை அன்று ஆடியவர்களிடம்தான் கேட்கணும். அவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயது.