கண்ணாடி விறாந்தையை அறையாக்கு முன்...

கடந்த மாதம் ஒரு காலை, கடை திறந்து சற்று நேரத்தில் பசறைப் பக்கத்து வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். கையில் சாமான் துண்டு. செங்கல் 1,500, சீமெந்து 20 பை, கூரைத்தகடு 10.

"நானா, மகளுக்குக் கலியாணம் பேசியாச்சு. முன்னுக்கு இருக்கிற கண்ணாடி விறாந்தையை அறையாக்கிக் குடுக்கப் போறன். மூணு கிழமையில முடிக்க வேணும்" என்றார்.

நான் பில் எழுதவில்லை. "அதுக்கு அத்திவாரம் இருக்கா?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

வாசகர்களே, ஊவாவில் கண்ணாடி விறாந்தை புதிய விடயமல்ல. தோட்டத்துத் துரைமார் பங்களாக்களில் குளிர்காற்றுப் படாமல் வெயில் காயக் கண்ணாடி அடைத்துக் கொண்டார்கள். பின்னர் வெளிநாட்டுப் பணத்தில் எழுந்த எமது வீடுகளிலும் அலுமினியச் சட்டம், கண்ணாடி, ஒளி புகும் தகடு என்று அது வந்து சேர்ந்தது. பகலில் அடுப்பு போலச் சுடும்; இரவில் குளிரும்; மழைக் காலத்தில் சுவரோடு தகடு சேரும் இடத்தில் ஒழுகும். எனவேதான் பலர் அதை நிரந்தர அறையாக்க விரும்புகிறார்கள்.

விருப்பம் நியாயமானது. ஆனால் பாரத்தை யோசிக்க வேண்டும். 10 அடி நீளமும் 9 அடி உயரமும் கொண்ட நாலரை அங்குலச் செங்கற்சுவர், பூச்சோடு ஏறக்குறைய 2 தொன் வரும். கண்ணாடியைத் தாங்கிய மெல்லிய கொங்கிறீட் தரை இதைத் தாங்காது. நானும் இதில் பட்டவன். பல வருடங்களுக்கு முன் என் வீட்டு விறாந்தையில் தரை மேலேயே சுவர் எழுப்பினேன். அடுத்த மார்கழி மழையில் புதுச் சுவர் விரல் நுழையும் அளவுக்கு வீட்டை விட்டு விலகியது. உடைத்துக் கட்டியதில் செலவு இரட்டிப்பானது.

எமது மாவட்டத்தில் இது வெறும் பணக் கணக்குமல்ல. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்த மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயலின்போதும் பதுளை மாவட்டத்தில் மண் சரிந்து உயிர்களைக் கொண்டு போனது. சரிவை வெட்டி, மண் நிரப்பி, அதன் மேல் பாரம் ஏற்றுவது விளையாட்டல்ல. நகருக்குள் மாநகர சபையிடமும் வெளியே பிரதேச சபையிடமும் முதலில் அனுமதி பெறுங்கள். மண்சரிவு அபாயப் பகுதியென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசும் தேவை. லயன் வீட்டு இஸ்தோப்பை அடைக்க நினைப்பவர்கள், காணி தோட்டத்துக்குரியது என்பதால் நிர்வாகத்தின் எழுத்து மூல சம்மதத்தை எடுத்துக் கொள்ளுங்கள்.

வேலையின் ஒழுங்கு இதுதான். முதலில் அத்திவாரம், அது இறுகிய மண்ணில் இருக்க வேண்டும். பழைய சுவரோடு புதுச் சுவரைக் கம்பி வைத்துப் பிணைக்க வேண்டும். கூரை சேரும் இடத்தில் தகட்டு மடிப்பு வைத்து, பீலி நீரை வீட்டுக்கும் சரிவுக்கும் தூரமாகக் குழாயில் விட வேண்டும். உள்ளறைக்குக் காற்று வந்த யன்னல் அடைபட்டால் வேறு யன்னல் திறக்க வேண்டும்.

அந்த வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய் ஒரு மூலையைத் தோண்டிப் பார்த்திருக்கிறார். 3 அங்குலக் கொங்கிறீட், அதன் கீழே நிரப்பிய மண். மறுநாள் வந்து துண்டைக் கிழித்துப் போட்டார். கலியாணத்தை மூன்று மாதம் தள்ள மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசியிருக்கிறார். முதலில் அவர்கள் முகம் சுளித்தார்களாம். தோண்டிய குழியைக் காட்டிய பிறகு சம்மதித்தார்களாம். இப்போது அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கிறார்.

அன்று எனக்குச் செங்கல் வியாபாரம் போனது உண்மைதான். நீங்களும் அறையாக்க நினைத்தால், முதலில் மண்வெட்டியை எடுத்து ஒரு மூலையைத் தோண்டிப் பாருங்கள். கடைக்குப் பிறகு வரலாம்.