சரக்கு வண்டியும் பெயர்ப்பற்றும்

பழைய சரக்கு வண்டியை மாற்றும் வேளையில், "முன்பு வாங்கிய கம்பெனியே போதும்" என அங்கத்தினர் பலர் கூறக் கேட்கிறோம். பழகிய பெயரை நம்புவது தவறன்று. ஆயினும் சுமை தாங்குவது பெயரன்று.

2005-இல் வெளிவந்த டாடா ஏஸ் முக்கால் டன் சுமைக்கென அமைந்தது. 2011-இல் ஓசூரிலிருந்து வந்த அசோக் லேலண்ட் தோஸ்த், ஒன்றேகால் டன்னுக்கென அமைந்தது. 75 கிலோ நெல் மூட்டை 30 இருப்பின், முன்னதற்கு மூன்று நடை, பின்னதற்கு இரண்டே. நாள்தோறும் சில ஜவுளிக் கட்டுகளே அனுப்பும் நெசவாளர் சங்கத்துக்கோ பெரிய வண்டி வீண்செலவாகும்.

ஆகவே முதலில் சுமையைக் கணக்கிடுக. பழுதுபார்க்குமிடமும் உதிரிப்பாகமும் அருகில் கிடைக்குமா என விசாரிக்க. இரண்டு கம்பெனிகளிடமேனும் விலைப்புள்ளி பெற்று நிர்வாகக் குழுவின்முன் வைக்க. செலவாவது அங்கத்தினரின் பங்குப்பணம் என்பதை மறவாதிருப்போமாக.