புகைச் சான்றில் எதைப் பார்க்க வேண்டும்?

பழைய கார் வைத்திருப்பவர்கள் பலருக்கும் ஒரு பயம் உண்டு. வண்டி பிஎஸ் ஃபோர். பிஎஸ் சிக்ஸ் வந்துவிட்ட பிறகு அதை ஓட்டலாமா? தாராளமாக ஓட்டலாம். பிஎஸ் எனப்படும் பாரத் ஸ்டேஜ் என்பது வண்டி தயாரிக்கும் நிறுவனத்துக்கு விதித்த மாசு வரம்பு. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் ஃபோர் வண்டிகளைப் புதிதாக விற்கத்தான் தடை வந்தது. அதற்கு முன்பே பதிவான வண்டியை அந்தத் தடை தொடாது. டெல்லி வட்டாரத்தில் கூடுதல் கட்டுப்பாடுகள் உண்டு, அது தனிக்கதை.

பிஎஸ் ஃபோரிலிருந்து பிஎஸ் சிக்ஸுக்கு வந்த மாற்றம் சாதாரணமானதல்ல. டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு வெளிவிடும் நைட்ரஜன் ஆக்சைடுகளின் உச்ச அளவு 250 மில்லிகிராமிலிருந்து 80 ஆகக் குறைந்தது. நுண்துகள் 25 மில்லிகிராமிலிருந்து 4.5 ஆனது. அதற்குத் தோதாக எரிபொருளில் இருக்கும் கந்தகத்தையும் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காக்கினார்கள். பிஎஸ் ஃபைவ் என்ற படியையே இந்தியா தாண்டிக் குதித்தது. மாருதி டீசல் கார்களையே கைவிட்டது.

ஆய்வகத்தில் தேறிய வண்டி சாலையிலும் தேறுமா? 2015இல் ஃபோக்ஸ்வாகன் மாட்டிக்கொண்டது இங்கேதான். சோதனையின்போது மட்டும் புகையை அடக்கி வாசிக்கும் மென்பொருள் அதன் டீசல் கார்களில் இருந்தது. 2023 ஏப்ரலில் தொடங்கிய பிஎஸ் சிக்ஸ் இரண்டாம் கட்டத்தில் கருவியை வண்டியிலேயே பொருத்தி, சாலையில் ஓட்டி அளப்பதும் சேர்ந்தது.

இனி உரிமையாளரின் பங்கு. புது வண்டிக்கு முதல் ஓராண்டு புகைச் சான்று வேண்டாம். பிறகு பிஎஸ் ஃபோர், பிஎஸ் சிக்ஸ் கார்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை. அதற்கும் பழையவற்றுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை. மாசு வரம்பை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு, மூன்று மாதம் உரிமத்தையும் முடக்கலாம்.

அந்தச் சான்றுச் சீட்டைப் பலரும் டேஷ்போர்டில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். அது வண்டியின் ரத்தப் பரிசோதனை அறிக்கை. பிஎஸ் ஃபோர் பெட்ரோல் கார் ஐடிலிங்கில் நிற்கும்போது கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சத்தில் 200 பங்கை, தாண்டக் கூடாது. முதல் எண் ஏறினால் பெட்ரோல் முழுதாக எரியவில்லை என்று பொருள்: ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், ஆக்சிஜன் சென்சார் பழுதாகியிருக்கலாம். இரண்டாவது எண் ஏறினால் ஸ்பார்க் பிளக்கையும் எஞ்சின் ஆயிலையும் பார்க்கச் சொல்லலாம். போன ஆண்டுச் சீட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மெக்கானிக் சொல்வதற்கு முன்பே கோளாறு தெரிந்துவிடும். டீசலில் அளப்பது புகையின் அடர்த்தியை.

இந்தச் சோதனை நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை, நுண்துகளின் எடையையும் அளப்பதில்லை. அதனால் டீசல் காரில் கரித்துகளைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டியைக் கழற்றிவிட்டுச் சான்று வாங்கிவிடலாம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கரித்துகள் போய்ச் சேருவது பின்னால் வரும் பைக் ஓட்டுபவரின் நுரையீரலில். பெரும்பாலும் கழற்ற வேண்டிய தேவையும் இல்லை. ஊருக்குள்ளேயே குறுந்தூரம் ஓடும் வண்டியில்தான் டிபிஎஃப் அதிகம் அடைக்கிறது. அதன் எச்சரிக்கை விளக்கு எரிந்ததும், கையேட்டில் சொன்னபடி நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் சிறிது நேரம் ஓட்டினால் பிடித்த கரி எரிந்துவிடும்.

சோதிக்காமலே சான்று தரும் மையங்களும் உண்டு. டெல்லியில் வரம்பு மீறிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளுக்குச் சான்று தரப்பட்டதைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை அம்பலப்படுத்தியது. அடுத்த முறை மையத்துக்குப் போகும்போது, சைலன்சருக்குள் குழாயை விட்டு அளக்கிறார்களா என்று இறங்கி நின்று பாருங்கள். அளக்காமல் சீட்டை நீட்டினால் வாங்காதீர்கள், அளக்கச் சொல்லுங்கள்.