தங்கத்துக்குப் பின்னால் ஒரு கத்தி, சில சாடிகள்

2014-ஆம் ஆண்டு கெய்ரோ அருங்காட்சியகத்தில் காட்சிப் பெட்டியின் விளக்கை மாற்றும்போது, பண்டைய எகிப்திய மன்னன் துட்டன்காமனின் தங்க முகமூடியிலிருந்து தாடி பெயர்ந்து விழுந்தது. 3,300 ஆண்டுப் பழைமையான, பத்துக் கிலோவுக்கும் மேல் எடையுள்ள பொக்கிஷம். பதற்றத்தில் எபாக்சி பசையை அப்பி ஒட்டிவிட்டார்கள். வழிந்த பசையைச் சுரண்டியதில் கீறலும் விழுந்தது. விஷயம் வெளியே வந்ததும் உலகம் முழுக்க ஒரே கேலி.

அடுத்து நடந்ததைப் பலரும் கவனிக்கவில்லை. 2015-இல் ஜெர்மானிய நிபுணர் கிறிஸ்டியன் எக்மனின் குழு, பசையை மெல்லச் சூடாக்கி, மரக் கருவிகளால் கொஞ்சம் கொஞ்சமாக அகற்றியது. பழைய எகிப்தியர்கள் பயன்படுத்திய தேன்மெழுகைக் கொண்டே தாடி மறுபடி பொருத்தப்பட்டது. கூட்டமெல்லாம் இந்த முகமூடிக்குத்தான். ஆனால் அந்தக் காலத்து மனிதர்களைப் பற்றி அதிகம் பேசுபவை, அதே கல்லறையில் கிடைத்த, மினுக்கம் குறைந்த வேறு பொருள்கள்.

1922-இல் தொல்லியலாளர் ஹோவர்ட் கார்ட்டர் அந்தக் கல்லறையைத் திறந்தபோது உள்ளே ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் இருந்தன. தொட்டால் உதிரும் துணி, நூல் அறுந்த மணிமாலை, உரியத் தொடங்கிய தங்கத் தகடு. வேதியியலாளர் ஆல்ஃபிரட் லூகாஸ், பக்கத்திலிருந்த இரண்டாம் சேத்தியின் கல்லறையையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார். பாரஃபின் மெழுகை உருக்கி ஊற்றிப் பலவற்றை அப்படியே இறுகச் செய்தார். கல்லறையைக் காலிசெய்யவே ஏறக்குறைய பத்தாண்டுகள் ஆயின. அந்த நிதானம் இல்லாதிருந்தால், இன்று ஆராய்வதற்குப் பாதிக்கு மேல் தூசிதான் மிஞ்சியிருக்கும்.

மன்னனின் மம்மியோடு சேர்த்துச் சுற்றப்பட்டிருந்த கத்தியைப் பாருங்கள். பிடி தங்கம், அலகு இரும்பு. இரும்பை உருக்கிப் பிரிக்கும் தொழில் எகிப்தில் வேரூன்றாத காலத்தில் இது எங்கிருந்து வந்தது? 2016-இல் இத்தாலிய, எகிப்திய ஆய்வாளர்கள் கையடக்க எக்ஸ்ரே கருவியால் அலகைச் சுரண்டாமலே சோதித்தார்கள். நிக்கல் கிட்டத்தட்ட 11 சதவீதம், கூடவே கோபால்ட். விண்கல் இரும்புக்கே உரிய கலவை அது.

2022-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். தங்கப் பிடியில் அலங்காரங்களை ஒட்டப் பயன்பட்டது சுண்ணாம்புச் சாந்தாக இருக்கலாம். அன்றைய எகிப்தியக் கைவினைஞர்கள் ஜிப்சத்தைத்தான் பயன்படுத்தினார்கள். சுண்ணாம்பு அங்கே பரவியது வெகுகாலம் கழித்து. ஆக, கத்தி வெளிநாட்டில் செய்யப்பட்டிருக்க வாய்ப்புண்டு. அமர்னாவில் கிடைத்த களிமண் கடிதங்களில், மித்தானி மன்னன் துஷ்ரத்தா எகிப்து மன்னன் மூன்றாம் அமென்ஹோதெப்புக்கு அனுப்பிய சீர்வரிசைப் பட்டியலில் தங்கப் பிடியுள்ள இரும்புக் கத்தியும் உண்டு. அமென்ஹோதெப், துட்டன்காமனின் தாத்தா என்று கருதப்படுபவர். தாத்தாவுக்கு வந்த சீர் பேரனோடு புதைந்ததா? உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அரச குடும்பங்களுக்கிடையே இரும்பு தங்கத்தைவிட அரிய பரிசாகக் கைமாறிய உலகம் ஒரு துளிச் சாந்தில் தெரிகிறது.

மதுச்சாடிகளின் கதையும் சுவையானது. எந்த ஆண்டு, எந்தத் தோட்டம், வடித்த தலைமை ஆள் யார் என்பதெல்லாம் சாடி மேலேயே எழுதப்பட்டிருக்கும். இன்றைய பாட்டில் லேபிளுக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. எழுதாமல் விட்டது நிறத்தை மட்டும். அடியில் ஒட்டியிருந்த கசடைப் பார்சிலோனா பல்கலைக்கழகக் குழு சோதித்தது. டார்டாரிக் அமிலம் இருந்தால் திராட்சை. சிவப்பு நிறமியிலிருந்து கிடைக்கும் சிரிஞ்சிக் அமிலமும் இருந்தால் செம்மது. சில சாடிகளில் முதலாவது மட்டும் இருந்தது. கல்லறை ஓவியங்களில் திராட்சை கருநிறமாகவே வரையப்பட்டிருக்க, அரசன் வெள்ளை மதுவும் அருந்தியிருக்கிறான்!

எல்லாமே லூகாஸின் கைக்குப் போகவில்லை. வெளிப்புறச் சவப்பெட்டி கல்லறையிலேயே விடப்பட்டது. சுற்றுலாப் பயணிகள் வந்துபோகும் அந்த அறையின் வெப்பமும் ஈரமும் அதைத் தின்றன. 2019-இல் முதன்முறையாகச் சிகிச்சைக்குக் கீஸாவுக்கு எடுத்துவந்தபோது, தங்கம் பூசிய சாந்தெங்கும் விரிசல் விட்டிருந்தது.