வாய் திறவாத பிள்ளையும் பூப்பெயர் ஆட்டமும்



ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும் காலையில் முதல் வகுப்பின் வாயிலில் சற்று நின்று பாருங்கள். அழுகின்ற பிள்ளையை எல்லோரும் கவனிப்பர். அதற்கு மிட்டாயும் கிடைக்கும், மடியும் கிடைக்கும். அழாமலும் பேசாமலும் சுவரோடு ஒட்டி அமர்ந்திருக்கும் பிள்ளையை எவரும் கவனியார். பெயரைக் கேட்டால் அது விழிக்கும். இருமுறை கேட்டும் விடை வாராவிடில், ‘இது மந்தம்’ என்னும் முத்திரை அன்றே விழுந்துவிடும். பல வேளைகளில் அப்பிள்ளைக்குக் குறை அறிவில் இல்லை. கேள்வி கேட்கப்பட்ட மொழி அதன் வீட்டு மொழி அன்று, அவ்வளவே.

திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் செல்லும் சாலையில், குடகனாற்றை ஒட்டித் தாடிக்கொம்பு இருக்கிறது. அங்கே சௌந்தரராஜப் பெருமாள் கோயிலின் சிற்பத் தூண்களைக் காண வருவோர் பலர். சுற்றிலும் உள்ள சமவெளியின் பேச்சுக்குச் செவி கொடுப்போர் சிலரே. தலைமுறை தலைமுறையாக வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசிவரும் குடும்பங்கள் இச்சமவெளியில் உள்ளன. திண்டுக்கல் நகரில் சௌராஷ்டிரமும் உருதுவும் ஒலிக்கின்றன. நூற்பாலை வேலைக்காக ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தவர்களும் இப்போது இப்பகுதியில் வாழ்கிறார்கள். தெலுங்கு வீட்டுப் பிள்ளை தெருவிலேனும் தமிழைக் கேட்டு வளர்கிறது; ஒடிசாப் பிள்ளைக்கு அதுவும் இல்லை. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி, 2006-07 கல்வியாண்டு முதல் முதல் வகுப்பிலிருந்தே தமிழ் கட்டாயப் பாடமாயிற்று. ஆகவே, இப்பிள்ளைகளின் முதல் நாள் எப்படிக் கழிகிறது என்பது சிறிய செய்தி அன்று.

குழந்தைக் கல்வியில் பெரும்பெயர் பெற்ற மரியா மாண்டிசோரி அம்மையார், 1939-ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றுக்கு வந்தார். பின்னர், போர்க்காலத்தில், 1942 முதல் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கொடைக்கானலில் தங்கியிருந்தார். இன்று அது இதே திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஒரு சொல்லைக் கற்பிக்க அவர் மூன்று படிகளைக் கையாண்டார். முதலில், ‘இது பூ’ என்று ஆசிரியர் சொல்வார், குழந்தை கேட்கும். அடுத்து, ‘பூ எது? காட்டு’ என்பார்; குழந்தை விரலால் சுட்டும். இவ்விரண்டும் நன்கு படிந்த பிறகே, ‘இது என்ன?’ என்ற கேள்வி வரும். நாமோ முதல் நாளே மூன்றாம் படியில் தொடங்குகிறோம்! ‘உன் பெயர் என்ன? ஊர் என்ன? எழுந்து நின்று சொல்’ என்கிறோம்.

வியப்பு யாதெனில், நம் சிற்றூர்ப் பிள்ளைகளின் ஆட்டங்களில் இம்மூன்று படிகளும் இயல்பாகவே அமைந்திருக்கின்றன. கண்ணைப் பொத்திப் பூப்பெயர் சொல்லி அழைக்கும் ஆட்டத்தை நீங்கள் எல்லோரும் ஆடியிருப்பீர்கள். பிள்ளைகள் இரு வரிசையாக எதிரெதிரே அமர்வர். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு தலைவர். அவர் தம் பிள்ளைகளுக்கு மல்லிகை, முல்லை, சாமந்தி என்று கமுக்கமாகப் பெயர் சூட்டுவார். பிறகு எதிர்வரிசைப் பிள்ளை ஒன்றின் கண்களைப் பொத்திக்கொண்டு, தம் பூக்களுள் ஒன்றை அழைப்பார். அந்தப் பூ ஓசையின்றி வந்து, நெற்றியில் மெல்லக் கிள்ளிவிட்டுத் தன் இடம் திரும்பும். கண் திறந்த பிள்ளை, வந்தது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

புதிய பிள்ளையின் நிலையில் நின்று இதனைப் பாருங்கள். அது அறிய வேண்டியது ஒரே ஒரு சொல்: தன் பூவின் பெயர். அச்சொல் காதில் விழுந்ததும் எழுந்து நடந்தால் போதும். வாய் திறக்க வேண்டா. கண் பொத்தப்படும் முறை வரும்போதும் விரலால் சுட்டினால் போதும். நான்கைந்து நாள் சென்றபின், சுட்டுவதோடு பெயரையும் சொல்ல வேண்டும் என்று விதியைச் சிறிது மாற்றிக்கொள்ளலாம். அப்போது அந்தச் சொல், பலமுறை கேட்டுப் பழகிய சொல்லாக நாவில் வரும். பூச்சந்தைக்குப் பேர்போன திண்டுக்கல் வட்டாரத்தில் பூப்பெயர்களுக்குப் பஞ்சமும் இல்லை.

குலை குலையாய் முந்திரிக்காய் ஆட்டத்தில் ஒருவர் கேட்க, வட்டம் முழுவதும் சேர்ந்து விடை சொல்லும். கூச்சமுள்ள குரல் அக்கூட்டொலியில் மறைந்துகொண்டு பழகலாம்.

மற்றொன்று, கட்டளை ஆட்டம்: மூக்கைத் தொடு, செவியைத் தொடு, கண்ணை மூடு என்று தலைவர் தாமும் செய்து காட்டிச் சொல்ல, மற்றவர் செய்வது. ஜேம்ஸ் ஆஷர் என்னும் அமெரிக்க உளவியலார் 1960-களில் இதனையே ஒரு மொழிப் பயிற்சி முறையாக வளர்த்தார். நம் பிள்ளைகளுக்கோ இதில் மேலும் ஒரு வசதி உண்டு. தமிழில் கண், தெலுங்கிலும் கன்னடத்திலும் அது கண்ணு. மூக்கு, தெலுங்கில் முக்கு, கன்னடத்தில் மூகு. செவி தெலுங்கிலும் செவியே, கன்னடத்தில் கிவி. பாதி தூரம் ஏற்கெனவே கடந்த நிலையில்தான் பிள்ளை வகுப்புக்கு வருகிறது. ‘சொல்’ என்பதற்குத் தெலுங்குப் பிள்ளை ‘செப்பு’ என்றால் வகுப்பில் சிரிப்பு எழும். விடை கூறுதலைச் ‘செப்பு’ என்று தொல்காப்பியர் வழங்கினார் என்பது சிரிப்பவருக்குத் தெரியாது!

விலக்க வேண்டியவை இரண்டு. ழகர, றகரங்களை அடுக்கிய நாப்பிறழ்ச் சொற்றொடர்களைச் சிலர் முதல் நாளே சொல்லச் செய்கின்றனர். வீட்டுமொழியில் அவ்வொலி இல்லாத பிள்ளைக்கு அது விளையாட்டு அன்று; ஊர் கூடிச் சிரிக்கும் தேர்வு. அதனை ஆறு மாதம் கழித்து வைத்துக்கொள்க. தவறியவரை வெளியேற்றும் விதியும் இங்கே ஆகாது. எவருக்குப் பயிற்சி மிகுதியாக வேண்டுமோ, அவரே முதலில் வெளியே போய் உட்கார்ந்துவிடுவார்.

ஆசிரியப் பயிற்சி பெறுவோரும், தங்கை தம்பியரைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வோரும் உங்களுள் இருப்பீர்கள். பூப்பெயர் ஆட்டத்தை ஒருநாள் திருப்பி ஆடிப் பாருங்கள். புதிய பிள்ளையைத் தலைவராக்கி, அதன் மொழியில் பூக்களுக்குப் பெயர் வைக்கச் சொல்லுங்கள். மல்லிகை தெலுங்கில் மல்லெ, ஒடியாவில் மல்லி. அன்று மற்றப் பிள்ளைகள் தம் பெயர் எதுவென்று காதைக் கூர்மையாக்கிக்கொண்டு காத்திருப்பர்; அழைக்கும் குரல் அப்பிள்ளையுடையது.